காயும் எண்ணெயும் காயாத எண்ணெயும்: மரப்பிடிக் கருவியும் தோலுறையும் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

தச்சர்கள், கொல்லர்கள், உழவர்கள், தோட்ட வேலை செய்வோர், வீட்டில் ஓர் அரிவாளோ சுத்தியலோ வைத்திருப்போர் அனைவருக்கும்:

மரப்பிடிக்குப் பூசும் எண்ணெய் காற்றுப்பட்டு இறுகிக் காய வேண்டும். தோலுக்குப் பூசும் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயக் கூடாது. வீட்டுப் பூச்சுகளில் கெட்டுப்போகிறவற்றில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் கெடுகின்றன. ஒரே கிண்ணத்து எண்ணெய், ஒரே துணி. அரிவாளின் பிடிக்கும் அதன் உறைக்கும் ஒரே துடைப்பு என்பது பரவலான வழக்கம். கிண்ணத்தில் இருப்பது நல்லெண்ணெயாக இருந்தால் பிடி பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெயாக இருந்தால் உறை விறைத்து வெடிக்கும்.

எண்ணெய் காய்வதும் ஈரத்துணி காய்வதும் ஒன்றல்ல. துணியிலிருந்து நீர் வெளியேறுகிறது. எண்ணெயோ காற்றிலிருந்து ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது. அதன் கொழுப்பு அமிலங்களில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் ஆக்சிஜனோடு சேர்ந்து, பக்கத்து மூலக்கூறுகளோடு பின்னிக்கொள்கின்றன. நீர்மமாக இருந்தது வலைபோல் இறுகுகிறது. அதனால் ஆளிவிதை எண்ணெய் காயும்போது எடை குறையாமல் கூடுகிறது. இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்பதை அளக்க வேதியியலார் அயோடின் எண்ணைப் பயன்படுத்துகின்றனர். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பதே அந்த எண். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல். சூரியகாந்திக்கு 130-ஐ ஒட்டியும், நல்லெண்ணெய்க்கு 110-ஐ ஒட்டியும், விளக்கெண்ணெய்க்கு 85-ஐ ஒட்டியும் இருக்கும். தேங்காய் எண்ணெய்க்கு 10-க்குள்தான். 130-க்கு மேற்பட்டவை பொதுவாகக் காயும் எண்ணெய்கள். 100-க்குக் கீழானவை காயவே காயாதவை.

இடைப்பட்டவைதான் தொல்லை. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் பாதி காய்ந்து நின்றுவிடும். சமையலறையில் எண்ணெய்த் தூக்கின் விளிம்பில், துடைத்தாலும் போகாத மஞ்சள் பிசுக்கு ஒன்று படிந்திருக்குமே, அது இப்படிப் பாதி காய்ந்த எண்ணெய்தான். அதே பிசுக்கு மண்வெட்டிக் காம்பில் படிந்தால் தூசியையும் வியர்வையையும் பிடித்துவைத்துக் கறுப்பாகும். எண்ணெய் போடாத காம்பே அதைவிட மேல்.

மரத்துக்கு எளிதில் கிடைக்கும் காயும் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடைகளில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும். இதன் கொழுப்பில் ஏறத்தாழ பாதி, மூன்று இரட்டைப் பிணைப்பு கொண்ட லினோலெனிக் அமிலம். கடையில் இரண்டு வகை உண்டு. பச்சை எண்ணெய் ஒரு பூச்சு காயப் பல நாள் எடுத்துக்கொள்ளும். 'டபுள் பாயில்டு' என்று விற்கப்படுவது ஒரு நாளில் காயும். பெயரில் கொதிப்பு இருந்தாலும் இன்றைய சரக்கின் வேகத்துக்குக் காரணம் அதில் சேர்க்கும் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகள். ஆகவே தோசைத் திருப்பி, காய்கறிக் கத்தி போன்ற சமையலறைப் பிடிகளுக்கு இரண்டாவது வகை வேண்டாம். பச்சை எண்ணெயைப் பூசி, பொறுமையாகக் காயவிடுவதே சரி. சீனத்து டங் எண்ணெய் ஆளிவிதையைவிட நீரைத் தாங்கும், கிடைப்பவர்களுக்கு நல்லதுதான். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் உதிரும் விதையின் எண்ணெயும் ஓரளவு காயும். வண்ணப்பூச்சுத் தொழிலில் ஆளிவிதைக்கு மாற்றாக அது பயன்பட்டிருக்கிறது. மீன் எண்ணெயும் காயக்கூடியது. மரப்படகுகளுக்குப் பூசி வந்தது அதனால்தான். ஆனால் அந்த நாற்றத்தோடு ஓர் உளியைப் பிடித்து வேலை செய்ய யாரும் முன்வரமாட்டார்கள். முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் படகுக்கு ஏற்றது, பிடிக்கு ஆகாது. கையில் பட்டால் கொப்புளம் கிளப்பும்.

எண்ணெய் பூசுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜனை இழுக்கும் வினை வெப்பத்தை வெளியிடுகிறது. பரப்பி வைத்த துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். கசக்கி மூலையில் எறிந்த துணிப்பந்தில் அது வெளியேற வழியின்றித் தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடம் 1991 பிப்ரவரி 23 இரவில் எரிந்தது இப்படித்தான். 22-ஆம் மாடியில் மரவேலைக்காரர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில் தீ தொடங்கியது. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தனர். பூசிய துணியைத் தண்ணீரில் முக்கிவைக்க வேண்டும், அல்லது கொடியில் ஒற்றை மடிப்பாக விரித்துக் காயப்போட வேண்டும். வீட்டில் எண்ணெய்ப் பூச்சு செய்வோர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

பூச்சின் தரம் பாதிக்குமேல் மரத்தைத் தயார்செய்வதில் இருக்கிறது. கடையில் வார்னிஷ் அடித்து வரும் காம்பு பார்க்கப் பளபளக்கும். வியர்த்த கையில் வழுக்கும், உரசி உரசி உள்ளங்கையில் கொப்புளம் எழுப்பும். அந்தப் படலத்தை முதலில் எடுத்தாக வேண்டும். தச்சர்கள் கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டுவது இன்றும் சிறந்த வழி. மரத்தூள் பறக்காது, சுருள் சுருளாக வரும். பிறகு 120 எண் உப்புத்தாள், அதன்பின் 180. அடிக்கும், வெட்டும் கருவிகளுக்கு அதற்குமேல் வழவழப்பு தேவையில்லை. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். அவற்றைத் தேய்த்து எடுத்துவிட்டால் பின்னாளில் மழை பட்டாலும் பிடி சொரசொரக்காது.

முதல் பூச்சில் எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. நீர்த்த எண்ணெய் ஆழமாக இறங்கும். கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதை ஒரு துளி மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்ட இடம் தோல் கட்டிச் சுருங்கும். அதைச் சுரண்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அடுத்தடுத்த பூச்சுகளில் டர்பன்டைனைக் குறைத்துக்கொண்டே போகலாம். ஒன்று நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது என மூன்று நான்கு பூச்சு போதும். காம்பின் இரு நுனிகளும் பக்கங்களைவிடப் பல மடங்கு குடிக்கும். மரம் நீரேற்றிய குழாய்கள் அங்கேதான் வாய்திறந்து நிற்கின்றன. ஈரம் புகுவதும் வெடிப்பு தொடங்குவதும் அதே இடத்தில்தான் என்பதால், நுனி குடிப்பதை நிறுத்தும்வரை ஊட்ட வேண்டும். புதிதாகப் பூசிய பிடியை உச்சி வெயிலில் வைத்தால் மரத்துளைகளில் உள்ள காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். மேலெல்லாம் பொட்டுப் பொட்டாகப் படியும். வெளிச்சமும் காற்றும் உள்ள நிழலே ஏற்றது. அடைமழை நாட்களில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. ஈரக்காற்றில் காய்வது தாமதமாகும். முழுதும் காயாத ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கு நல்ல உணவு.

கருவேலம், புளி, பூவரசு, சவுக்கு எல்லாம் இந்த முறைக்கு ஒத்துவரும். கருவேலமும் புளியும் இறுகிய மரங்கள் என்பதால் குறைவாகக் குடிக்கும். ஈட்டி மரம் மட்டும் விதிவிலக்கு. அதிலுள்ள இயற்கைச் சாறுகள் எண்ணெய் காய்வதைத் தடுக்கும். வாரக்கணக்கில் ஈரமாகவே நிற்கும். ஈட்டிப் பிடிக்கு வெறும் மெழுகு போதும்.

மெழுகுப் பசை வீட்டிலேயே செய்யக்கூடியது. எடைக்கணக்கில் தேன்மெழுகு ஒரு பங்கு, ஆளிவிதை எண்ணெய் நான்கு பங்கு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும் என்பதால் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு கிண்ணமே போதும். நேரடித் தீயில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இளகலாக வேண்டுமென்றால் சிறிது டர்பன்டைன் சேர்க்கலாம், ஆனால் அடுப்பை அணைத்து, கிண்ணத்தை வெளியே கொண்டுபோனபின். டர்பன்டைனின் ஆவி சுமார் 35 டிகிரியிலேயே பற்றக்கூடியது. அது சித்திரை மாதத்துப் பகல் வெப்பம். மெழுகைத் தனியாகப் பூசினால் பாதுகாப்பு குறைவு. எண்ணெய் காய்ந்தபின் மேலாகத் தேய்த்தால் பிடிக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும்.

அரக்குப் பூச்சு வேறு வகை. சுழலும் கடைசல் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அது உருகி ஒட்டும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கர்நாடகத்துச் சன்னப்பட்டணப் பொம்மைகளும் மெருகேறியது இப்படித்தான். உளி, திருப்புளி போன்ற சிறு கடைசல் பிடிகளுக்கு அது அழகும் உறுதியும் தரும். சாராயத்தில் கரைத்துத் துணியால் பூசும் அரக்கோ வியர்வையில் வெளுக்கும், சானிடைசர் பட்டால் கரையும். அரக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பழைய கத்திகளில் இரும்பின் வால் பிடிக்குள் அரக்கால் நிறுத்தப்பட்டிருக்கும். அத்தகைய பிடியைச் சுடுநீரிலோ சூடான மெழுகிலோ முக்கினால் உள்ளே அரக்கு இளகி, அலகு கையோடு வந்துவிடும்.

காம்பு ஆடினால் கருவியைத் தண்ணீரில் ஊறப்போடுவது ஊருக்கு ஊர் உள்ள பழக்கம். மரம் உப்பும், இரும்பு தடுக்கும், உப்பிய நார்கள் நசுங்கும். காய்ந்தபின் நசுங்கிய நார்கள் பழைய அளவுக்கு மீளாது; முன்பைவிட அதிகமாக ஆடும். ஆப்பை மாற்றி அடிப்பதுதான் தீர்வு. அதன்பின் துளைக்கு மேலே தெரியும் காம்பு நுனிக்கு எண்ணெய் ஊட்டலாம். பழைய இன்ஜின் ஆயிலைக் காம்புக்குப் பூசுவது இதைவிடக் கெடுதலான பழக்கம். கரையானுக்கு நல்லது என்று சொல்லப்படும் அந்தக் கறுப்பு எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் கரிமச் சேர்மங்கள் உள்ளன. வேலிக்கம்பத்தை எப்போதாவது தொடுகிறோம். காம்பையோ நாள் முழுதும் வியர்த்த கையால் பிடிக்கிறோம்.

கிரிக்கெட் மட்டையும் மரப்பிடிக் கருவிதான். பச்சை ஆளிவிதை எண்ணெய் அதன் முகம், பின்புறம், ஓரங்கள், அடிநுனி ஆகியவற்றுக்கு மெல்லியதாகப் போதும். கைப்பிடி மட்டைக்குள் ஆப்பு வடிவில் இறங்கி ஒட்டப்பட்டிருக்கும் இடத்துக்கு எண்ணெய் போகக் கூடாது. மிகுதியாகக் குடித்த மட்டை கனத்து, பந்தைத் தள்ளும் துடிப்பை இழக்கும்.

மரமும் தோலும் ஒரே மருந்துக்கு இணங்கும் இடம் ஒன்று உண்டு: கறுப்பேற்றுதல். இரண்டிலும் உள்ள துவர்ப்பொருள் இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகும். கருவேலங்காம்பில் பூணைச் சுற்றி மழைக்குப்பின் தோன்றும் கறுப்பு வளையம் அதுதான். கலம்காரி ஓவியர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் புளிக்கவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் கறுப்புக் கோடு இழுக்கிறார்கள். பிடிக்கும் உறைக்கும் அதே கணக்கு. எண்ணெய் நீக்கிய இரும்பு நார்ச் சுருளையோ ஆணிகளையோ வினிகரில் ஒரு வாரம் போட்டுவைத்து வடிகட்டினால் சாயம் தயார். ஜாடியை இறுக்கி மூடக் கூடாது. உள்ளே வாயு உண்டாகும். வெளிறிய மரமாக இருந்தால் முதலில் கடுக்காய்க் கஷாயம் ஒரு பூச்சு, காய்ந்தபின் இரும்புநீர். சில நிமிடங்களில் கறுக்கும். தோலில் பூசினால் பிறகு சமையல் சோடா கலந்த மிக நீர்த்த கரைசலால் ஒருமுறை துடைத்து, சுத்த நீரால் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். புளிப்பு தங்கினால் நார் இற்றுப்போகும். எண்ணெய் இதன்பிறகுதான்.

இந்தச் சாயம் தோலின் வகையையும் காட்டிக்கொடுக்கும். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் கறுக்கும். குரோம் உப்பால் பதனிட்ட தோல் அப்படிக் கறுக்காது. வெட்டுவிளிம்பைப் பார்த்தும் அறியலாம்: பட்டைத் தோல் மேலிருந்து கீழ்வரை பழுப்பு, குரோம் தோலின் நடுவில் நீலச்சாம்பல் தெரியும். தமிழ்நாட்டின் பழைய முறை ஆவாரம்பட்டை ஊறலும் அதன்பின் கடுக்காய் ஊறலும். பிற்பாடு ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் பட்டை பெருமளவு பிடித்தது. குரோம் முறையை 1903-ல் சென்னையில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சோதிக்கத் தொடங்கினார். கிணற்றுப் பாசனத்துக்கான தோல் சால் நீரில் நெடுநாள் நிற்க வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. கத்தி உறைக்கும் கருவிப் பைக்கும் ஏற்றது பட்டைத் தோலே. அது வடிவம் பிடித்து நிற்கும்.

தோல் என்பது பின்னிய நார்களின் பாய். நாருக்கும் நாருக்கும் இடையே வழுக்கல் இருந்தால் வளையும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று அறுத்து வெடிக்கும். அந்த வழுக்கலைத் தருவதே எண்ணெயின் வேலை. ஆளிவிதை எண்ணெய் நார்களுக்கிடையே போய்க் காய்ந்தால் வழுக்கலுக்குப் பதில் பசை. பளபளக்கும் பேட்டன்ட் லெதர் இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியது. அமெரிக்காவின் நியூவர்க்கில் சேத் பாய்டன் 1819-ல் அதை வணிகமாகச் செய்யத் தொடங்கியபோது, மேலே ஏற்றிய மெருகு ஆளிவிதை எண்ணெயால் ஆனது. அது தோலின் மேலே மட்டும் நிற்கும் ஓடு. வளைகிற இடத்தில் அந்த ஓடு வெடிக்கும்.

வீட்டில் எளிதாகக் கிடைப்பதில் தோலுக்கு ஏற்றது விளக்கெண்ணெய். காயாது, எளிதில் ஊசிப்போகாது. கந்தக அமிலத்தால் மாற்றப்பட்ட விளக்கெண்ணெயை, டர்க்கி ரெட் ஆயில் என்ற பெயரில், தோல் தொழிற்சாலைகளும் பயன்படுத்தியிருக்கின்றன. விளக்கெண்ணெயின் குறை கெட்டித்தன்மை ஒன்றுதான். வெயிலில் சற்று வெதுவெதுப்பாக்கினால் இறங்கும். புங்க எண்ணெயும் தோலுக்கு உகந்ததே, வாசனையைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கு. தேங்காய் எண்ணெய் மென்மையாக்கும். ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் ஊட்டி, கொடைக்கானல் குளிரில் உறையின்மேல் வெண்மையாகப் பூக்கும்.

விளக்கெண்ணெய் மூன்று பங்கும் தேன்மெழுகு ஒரு பங்கும் உருக்கிய பசை, மழையில் நனையும் உறைக்குப் போதுமானது. தோலை முதலில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துணி துவைக்கும் சோப்பும் சோடாவும் கூடாது. பட்டைத் தோல் புளிப்புத்தன்மை கொண்டது, காரம் பட்டால் கறுத்து வெடிக்கும். பசையைக் கொஞ்சமாக எடுத்து விரலால் தேய்த்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் துடைக்கலாம். மடித்துப் பார்த்தால் எண்ணெய் கசியும் அளவுக்கு ஊட்டிய உறை தொளதொளத்து, கத்தியைப் பிடிக்காது. சூடான எண்ணெயில் தோலை முக்குவது ஆபத்து. ஈரமுள்ள பட்டைத் தோல், நீர் கொதிக்கும் சூட்டுக்கு வெகு முன்னரே சுருங்கிக் கட்டையாகிவிடும். அதைத் திரும்ப விரிக்க முடியாது.

பித்தளைக் குடையாணி உள்ள இடத்தில் பச்சைக் களிம்பு பிதுங்கினால், அது எண்ணெயின் கொழுப்பு அமிலம் செம்போடு வினைபுரிந்த விளைவு. மரக்குச்சியால் சுரண்டிவிட்டு, அந்த இடத்துக்கு எண்ணெயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உறைக்கு எவ்வளவு நல்ல பூச்சு போட்டாலும் கத்தியை அதற்குள்ளேயே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தோலின் புளிப்பும் ஈரமும் அலகைத் துருவாக்கும். உறை என்பது எடுத்துச்செல்ல, வைத்திருக்க அல்ல.

தோல் வில்லைகளை அடுக்கி இறுக்கிச் செய்த பிடிகள் மேற்சொன்ன கணக்கில் அடங்காது. எஸ்ட்விங் சுத்தியல்களிலும், 1942-ல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை ஏற்றுக்கொண்ட கா-பார் கத்திகளிலும் அத்தகைய பிடி இருக்கிறது. இங்கே தோல் வளைய வேண்டியதில்லை. அழுந்தாமல் நிற்க வேண்டும். எண்ணெய் ஊட்டினால் வில்லைகள் இளகி, அமுங்கி, பிடி ஆடத் தொடங்கும். மெழுகை மெல்லப் பூசித் துணியால் தேய்த்தால் போதும், அல்லது அரக்குக் கரைசலால் மேலே மூடலாம். இந்த ஓர் இடத்தில் தோலை மரமாகவே நினைத்து நடத்துவது சரி.

தவறான எண்ணெய் ஏற்கெனவே ஏறிவிட்டால் என்ன செய்வது? பிசுபிசுக்கும் மரப்பிடியை டர்பன்டைன் நனைத்த துணியால் தேய்த்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, சில நாள் காற்றாடவிட்டு, மேலே சொன்னபடி முதலிலிருந்து தொடங்கலாம், மரம் மன்னிக்கும். எண்ணெய் மிகுந்த தோலின்மேல் டால்கம் பவுடரைத் தூவி இரண்டொரு நாள் விட்டுத் தட்டினால் கொஞ்சம் உறிஞ்சும், முழுதும் போகாது. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து விறைத்த தோலை மீட்க வழியில்லை. உறையின்மேல் வெள்ளை படிந்திருந்தால் இளஞ்சூட்டில் காட்டிப் பார்க்க வேண்டும். உருகி மறைந்தால் அது மேலே பூத்த கொழுப்பு, துடைத்துவிட்டாலே போதும். மறையாமல் மக்கிய வாடை அடித்தால் பூஞ்சணம். அதை வீட்டுக்கு வெளியே வைத்துத் துலக்கி, சாராயத்தில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, மெல்லிய பூச்சு ஒன்று போட்டு, காற்று உலவும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் திரும்ப வரும்.